படிக்கட்டில் யாருமில்லை

தார்த்துவில் ஜனவரி. காலை எட்டே கால்,
ஜன்னலில் இன்னும் இரவு.
பதினேழு மாணவர்கள். நாற்காலி முதுகில் குளிர்கோட்டுகள்
ஆட்களைவிடப் பருமனாய்.
"எதையும் கட்டுவதற்கு முன்
முன்பின் தெரியாத பத்துப் பேரிடம் பேசிவிட்டு வாருங்கள்" என்றேன்.
மரணதண்டனை வாசித்ததுபோல் ஓர் அமைதி.
அந்நியரிடம் வானிலை தவிர எதையும் கேட்காத ஊர் இது.
அதையும் கேட்பதில்லை, ஜன்னல்தான் இருக்கிறதே.

பின்வரிசையில் டாவெட் கை தூக்கினான்.
அவன் யோசனை:
அன்னெலின் பக்கத்து ஐந்து மாடிக் குடியிருப்பு,
மாடிக்கொரு உணரி, கைபேசியில் ஒரு விளக்கு.
சிவப்பென்றால் படிக்கட்டில் ஆள்.
பச்சையென்றால் இறங்கலாம்,
எவர் முகத்திலும் விழிக்காமல்.
செயலிக்குப் பெயர் 'யாருமில்லை'.

வகுப்பு சிரித்தது. பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு
எப்போது கிடைக்கும் என்று கேட்டது.

யாருக்கு வலி? எவ்வளவு வலி?
அது தீர எத்தனை யூரோ தருவார்கள்?
இப்படிக் கேட்கும் மொழியை
ஒரு கம்பெனியை மூடித்தான் கற்றுக்கொண்டேன்.
பதினான்கு மாதம்.
மிஞ்சியவை சின்னம் அச்சிட்ட நாற்பது குவளைகள்.
அவற்றில் ஒன்றில்தான் இப்போதும் காப்பி,
சின்னம் உள்ளங்கைப் பக்கம் இருக்கும்படி.

நேர்காணலுக்குக் கதவு தட்டவேண்டும்.
மூன்று நாள் அவன் தட்டவில்லை.
நான்காம் நாள் தன் கதவையே
உள்ளிருந்து தட்டிப் பார்த்தானாம்,
எவ்வளவு சத்தம் போதுமென்று.

பிப்ரவரியில் குறிப்பேடு வந்தது.

"வீடு 12. ஹெலெரின். முப்பத்தொன்று. வலிப்பு உண்டு.
படிக்கட்டில் யாராவது இருக்கும்போதுதான் இறங்குவாராம்.
விழுந்தால் ஒருவருக்குத் தெரியவேண்டுமே.
என் பச்சை அவருக்குச் சிவப்பு.

வீடு 15. அர்காடி.
எஸ்தோனிய மொழியில் அவருக்கு முப்பது சொல்,
ரஷ்ய மொழியில் எனக்கு முப்பது.
அறுபது சொல்லில் ஒரு சைக்கிளைப் பழுதுபார்த்தோம்.
கேள்வித்தாளை மறந்துவிட்டேன்.

வீடு 9. பெயர்ப்பலகை இல்லை.
காலடி கதவுவரை வந்தது. நின்றது. திறக்கவில்லை.
இவர்தான் என் வாடிக்கையாளர்."

நான் அதைப் படித்துவிட்டு
ஓரத்தில் 'நல்ல அவதானிப்பு' என்று எழுதினேன்.
பேனா கொஞ்சம் அழுத்தியிருந்தது.

மார்ச் கடைசியில் அரங்கம், மூன்று நடுவர்கள்,
ஒருவர் கோட்டுக்குக் கீழே ஓட்டக்காலணி.
எல்லோர் வரைபடமும் வலப்பக்கம் மலையேறியது.
டாவெட்டின் கோடு பதினொன்றில் தொடங்கி
வாராவாரம் படியிறங்கியது.
பேசி முடித்த வீட்டிலெல்லாம் செயலியை நீக்கிவிட்டார்கள்.
"பயனர்கள் இப்போது?"
"ஒருவர்."
"சந்தையின் அளவு?"
"வீடு 9."
அரங்கம் சிரித்தது. அவன் என் பக்கம் திரும்பவில்லை.
திரும்பாததில் ஒரு கவனம் இருந்தது.

வருவாய்க் கட்டத்தில் பூஜ்யம் போட்டேன்.
வேறென்ன போடுவது.
வளர்ச்சிக் கட்டத்திலும்.
மொத்தத்தில் தேறினான், மயிரிழையில்.

வீடு 9 என்னுடையது.
அன்று கதவுத்துளையில் அவன் மூக்கு பெரிதாய்,
கையில் நான் கொடுத்த கேள்வித்தாள்,
முதல் கேள்வி நான் எழுதியது.
இரண்டு வருடமாய் ஒரே கட்டடம்,
அப்போதுதான் தெரிந்தது.
மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.
அவன் போனபின் வாசலில் ஒட்டியிருந்த சீட்டைப் பார்த்துச்
செயலியை இறக்கிக்கொண்டேன்.
நன்றாகத்தான் வேலை செய்கிறது,
இதுவரை ஒரு பிழைகூட இல்லை.

இன்று கோட்டு போட்டாயிற்று, கையுறை போட்டாயிற்று.
கீழே சைக்கிள் சக்கரம் படியில் இடிக்கும் சத்தம்,
நடுவே ஒரு பெண்ணின் சிரிப்பு,
எந்த மொழியென்று பிடிபடவில்லை.
எட்டே காலுக்கு வகுப்பு. புதிய பதினெட்டுப் பேர்.
இன்றைய பாடம் கதவு தட்டுவது.

இன்னும் சிவப்பு.